பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

எல்லாக் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்கும், வட்டச் செயலாளர்களுக்கும், கொடி கட்டுவதிலிருந்து பூத் ஸ்லிப் கொடுப்பதுவரை ஓடியாடிச் செய்கிற தொண்டர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கலாம். சென்னையில் ஒரு பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தேர்தல் வந்தால் எங்களுக்கு டியூட்டி. சீட்டைக் கிழித்துக் கொடுத்த காலத்திலிருந்து மெஷின் காலம்வரை பார்த்துவிட்டேன். கடைசி சில தேர்தல்களில் பி.ஓ., அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். முதல் நாளே மெஷினோடு வந்து இறங்கி, ஏதோ ஒரு ஒன்றாம் வகுப்பு அறையில் குட்டி பெஞ்சுகளை ஒதுக்கிப் படுத்து, விடிகாலை நாலு மணிக்குக் குளிக்கத் தண்ணீர் தேடி, ஐந்தரைக்கெல்லாம் உங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தலைவர்களுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது உங்கள் கையில் இருக்கிற விஷயம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஓட்டுப்பதிவுக்கு முன்னால் நடக்கிற மாதிரி வாக்குப்பதிவு வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எல்லாக் கட்சி முகவர்களும் மாறி மாறி பட்டனை அழுத்துவீர்கள். குறைந்தது ஐம்பது ஓட்டு. பிறகு மெஷினை மூடி, ரிசல்ட் பார்த்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டுகிற விவிபேட் சீட்டுகளை எண்ணி, எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு மெஷினில் பதிவான அந்த ஓட்டுகளை அழிப்போம். அந்தச் சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போகும். அப்புறம் மெஷினுக்குப் பச்சைத் தாள் முத்திரை. அதில் நான் கையெழுத்துப் போடுவேன், நீங்களும் போடுவீர்கள். ஒருவரை ஒருவர் மேடையில் கண்டபடி ஏசுகிற கட்சிகளின் ஆட்கள், விரல் அகலத் தாளில் ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் பெயர் எழுதுவார்கள். இடம் போதாமல் ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்தின் மேல் ஏறிவிடும். எத்தனையோ முறை பார்த்தும் அந்த நிமிஷம் எனக்குச் சலித்ததே இல்லை.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல். மாலை ஓட்டுப்பதிவு முடிந்து, மெஷினை மூடி, பதிவான ஓட்டுகளின் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மண்டல அலுவலரின் வண்டிக்காகப் பள்ளி கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். முகவர் ஒருவர் பக்கத்துக் கடையிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன், போலீஸ்காரர் எடுத்துக்கொண்டார். எதிர்க்கட்சி முகவர் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தெரு, அதே பள்ளியில்தான் படித்தவர்கள் என்று காலையிலேயே பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டிருந்தேன். "ஏம்பா, காலையிலேருந்து பட்டினிதானே" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இல்ல மேடம், இவன்கூட நின்னு சாப்பிட்டா எங்காளே ஒருத்தன் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுவான். அப்புறம் வட்டத்துக்குப் பதில் சொல்லணும்."

"எங்காளே ஒருத்தன்" என்றார். எதிர்க்கட்சியைக் கண்டு அவருக்குப் பயமில்லை. சொந்தக் கட்சியைக் கண்டு பயம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஊர் இரண்டுபட்டுப் போச்சே என்று அதுவரை நானும் எல்லோரையும்போலக் கவலைப்பட்டிருக்கிறேன். அந்தச் சுவர் எதிராளி உள்ளே வராமல் இருக்க மட்டும் கட்டியதல்ல, உள்ளே இருக்கிறவர் வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்கவும் கட்டியது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எதிராளியோடு டீ குடித்தாலே துரோகி என்றால், தலைவரிடம் 'இது சரியா' என்று கேட்பவரை என்ன சொல்வார்கள்?

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்க் கட்சிகள் பலவும் கேள்வியில் பிறந்தவை. 1925ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை எடுக்க விடவில்லை என்று காங்கிரஸை விட்டு வெளியே வந்தார் பெரியார். அந்தப் பெரியாரோடு ஒத்துப்போக முடியாமல் 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில், தி.மு.க.வைத் தொடங்கினார் அண்ணா. அதே தி.மு.க.வில் 1972ல் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். வெளியே அனுப்பினார்கள், அ.தி.மு.க. பிறந்தது. 1994ல் ம.தி.மு.க., 1996ல் மூப்பனாரின் த.மா.கா. எல்லாமே யாரோ ஒருவர் தலைமையைப் பார்த்து 'இல்லை' என்று சொன்னதால் வந்தவை. பிறக்கும்போது இருந்த அந்த உரிமை, வளர்ந்த பிறகு எந்தக் கட்சியில் மிச்சம் இருக்கிறது? கிளைச் செயலாளரிலிருந்து மேல்மட்டம்வரை 'போட்டியின்றி ஒருமனதாக' என்றே செய்தி வருகிறது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே விடையை எழுதினால், அது தப்பு விடையாக இருந்தாலும் சரி விடையாக இருந்தாலும், டீச்சர் முதலில் சந்தேகப்படுவாள். நானும் படுகிறேன்.

அந்தக் காலத்தில் மட்டும் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். 1954ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள்ளேயே போட்டி நடந்தது. காமராஜருக்கு 93 ஓட்டு, சி.சுப்பிரமணியத்துக்கு 41. ஜெயித்த காமராஜர் என்ன செய்தார்? எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் இருந்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட மந்திரி சபை அது. சொந்தக் கட்சியில் 41 பேர் தன்னை வேண்டாம் என்று சொன்னது ஊருக்கே தெரியும். அது தெரிந்தும் ஒன்பது வருஷம் ஆண்டார். இன்றைக்கு ஒரு மாவட்டச் செயலாளர் தேர்வில் நாலு பேர் எதிர்த்துக் கை தூக்கினால் தாங்குமா?

கட்சிக்குள் அடங்கிய குரல் சபைக்குள் மட்டும் எப்படி எழும்? சட்டப்பேரவை விதி 110 உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்கீழ் அறிவிப்பு வந்தால் விவாதம் கிடையாது. எத்தனை பெரிய திட்டமானாலும் முதலமைச்சர் படிப்பார், மேஜை தட்டுவார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் இன்னொன்று. 1985ல் வந்தது. காசுக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதை நிறுத்தத்தான் கொண்டுவந்தார்கள், அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு சட்ட முன்வடிவு தன் தொகுதிக்குக் கெடுதல் என்று நினைத்துக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டாலும் உறுப்பினர் பதவி போய்விடும். நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி ஆட்சியே தங்கியிருக்கிற இடத்தில் மட்டும் இந்தத் தடை இருந்தால் போதும் என்று 1990லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது. யாரும் கேட்கவில்லை. 2017 பிப்ரவரியில் நம் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் நாள்கணக்காக வைக்கப்பட்டிருந்ததை டி.வி.யில் நாம் எல்லோரும் பார்த்தோம். லட்சக்கணக்கான பேர் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆட்கள் அவர்கள். அந்தச் செப்டம்பரில் 18 பேரின் பதவி பறிபோய், அந்தத் தொகுதிகளுக்கு 2019வரை எம்.எல்.ஏ.வே இல்லை. டெல்லியில் 2023 டிசம்பரில் ஒரே கூட்டத்தொடரில் 146 எம்.பி.க்களை இடைநீக்கம் செய்துவிட்டு, நாட்டின் குற்றவியல் சட்டங்களையே மாற்றுகிற மூன்று சட்டங்களை நிறைவேற்றினார்கள். அதற்குக் கை தட்டியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். காமராஜரின் ஆள். எதிர் வீட்டுக்காரர் தி.மு.க. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள். அதுவரை நெருக்கடி நிலை என்பது எங்களுக்குப் பேப்பரில் வருகிற சேதி. அதற்குப் பிறகு எதிர் வீட்டுக்காரரை, விசாரணை இல்லாமலே சிறையில் வைக்கிற மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. பகலில் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. அப்பா இருட்டிய பிறகு அரிசி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் பின்கட்டில் இறக்கிவிட்டு வருவார். மிதித்துக்கொண்டு போனால் செயின் சத்தம் கேட்கும் என்று தள்ளிக்கொண்டே போவார். அந்த மாமாவோடு அவர் தேர்தலுக்குத் தேர்தல் சண்டை போட்டவர். மாமா திரும்பி வந்த பிறகும் போட்டார். சென்னை மத்திய சிறையில் அந்தக் காலத்தில் நடந்த கொடுமைகளைப் பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. நம் ஊரின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே பட்ட அடியோடுதான் உயிரை விட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் தெருவில் பல பேர் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆபீஸில் பத்து மணிக்கு ஆள் இருக்கிறார்கள், பஸ் நேரத்துக்கு வருகிறது, கடைக்காரன் விலைப் பலகை வைக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். 1977 தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியை வீட்டுக்கு அனுப்பியது, ரேபரேலியில் அவரே தோற்றார். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களை அவர் இருந்த கூட்டணி ஜெயித்தது. அதற்குக் கூட்டணிக் கணக்கு, எம்.ஜி.ஆர். செல்வாக்கு என்று நிறையக் காரணம் சொல்லலாம். ஆனாலும், 'ஒரே ஒரு ஆள் கண்டிப்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிற ஆசை வடக்கத்தி ஆசை, நமக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட் அவுட் வைத்துப் பால் ஊற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசினார். மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்றார். உங்கள் கட்சி அலுவலகத்திலும் அவர் படம் மாட்டியிருக்கும்.

இன்னொரு விஷயம், நம் சென்னையைப் பற்றியது. நம் மாநகராட்சி 1688ல் தொடங்கியது. நாட்டிலேயே பழையது என்று பெருமையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். 1973ல் அதன் மாமன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது? 1996ல். இருபத்து மூன்று வருஷம்! இரண்டு கழகங்களும் ஆண்டன, நடுவில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. ஒருவரும் தேர்தலை நடத்தவில்லை. 2016ல் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி ஓட்டுப்போட்டது 2022 பிப்ரவரி 19. கொரோனா வந்த 2020ல் இத்தனை பெரிய ஊரில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அதிகாரிகள் ராப்பகலாக உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தெருவை அடைத்தால் ஏன் என்று கேட்க, கொடுத்த அரிசி எங்கே என்று கேட்க, நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர் இல்லை. இதற்காக ஊர் கொந்தளித்ததா? இல்லை. சர்வாதிகாரம் என்றால் பெரிய பெரிய விஷயமாக நாம் யோசிக்கிறோம். ஓட்டுப்போடாமலே வருஷக்கணக்கில் வாழப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.

எதிராளி மேல் பாய்கிற சட்டத்துக்குக் கை தட்டும்போது ஒரு நிமிஷம் வைகோவை நினைத்துக்கொள்ளுங்கள். 2002ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை அவர் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரித்தது. அதே ஜூலையில் அதே சட்டத்தில் அவரே கைதாகி, ஒன்றரை வருஷத்துக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். சென்னையில் ஊர்வலத்தையும் ஆர்ப்பாட்டத்தையும் கட்டுப்படுத்த இன்றும் கையில் எடுப்பது 1888ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவை. வெள்ளைக்காரன் போட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதை எதிர்த்துக் கைதாகி மண்டபத்தில் உட்கார்ந்த கட்சிகள், கோட்டைக்குப் போனதும் அதையே பயன்படுத்தின. அந்த மண்டபங்களில் உட்கார்ந்தவர்கள் நீங்கள்தானே? லெமன் சாதம் பொட்டலம் சாப்பிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது நீங்கள்தானே? அப்புறம் ஏன் அடுத்த கட்சிக்காரர் அதே வேனில் ஏறும்போது செல்போனில் படம் பிடித்துச் சிரிக்கிறீர்கள்?

உங்களால் முடியும் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர் குறைந்தது. அயனாவரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் மேஜை போட்டு மூன்று கட்சி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கீழ் வீட்டுப் பாட்டிக்குப் பழைய பட்டியலில் பெயர் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேறு ஊர், வேறு இனிஷியல். ஒருவர் செல்போனில் தேடினார், இன்னொருவர் படிவத்தை நிரப்பினார், மூன்றாமவர் பாட்டிக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பாட்டி யாருக்கு ஓட்டுப்போடுவார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதில் இரண்டு பேருக்கு அது பிடிக்காத கட்சி. அன்றைக்கு யாரும் யாரையும் போட்டோ எடுக்கவில்லை.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அடுத்த வட்டக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரிய கேள்வி வேண்டாம். அடுத்த வட்டச் செயலாளரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேளுங்கள். பெட்டியும் சீட்டும் நான் தருகிறேன். எண்ணவும் வருகிறேன், முப்பது வருஷம் எண்ணிய கை. கேட்கிறவர் தனியாக நின்றுவிடாமல் இன்னொருவர் பக்கத்தில் எழுந்து நில்லுங்கள், அது ரொம்ப முக்கியம். முதலில் கேட்பவரைவிட இரண்டாவதாக எழுந்திருப்பவர்தான் கூட்டத்தின் முகத்தை மாற்றுகிறவர், வகுப்பறையில் இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரை ஜாதி, மதம் சொல்லித் திட்டுகிற பார்வர்டு உங்கள் குரூப்பில் வந்தால், மேலே அனுப்பாமல் விடுவது போதாது. போட்டவருக்குப் போன் செய்து, "அண்ணே, இது வேண்டாம்" என்று சொல்லுங்கள். குரூப்பில் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும், போனில் சொன்னால் கேட்பார். உங்கள் தலைவர் சபையில் விவாதம் இல்லாமல் ஒரு சட்டத்தை நிறைவேற்றினால், அது உங்களுக்குப் பிடித்த சட்டமாக இருந்தாலும், பேச விட்டிருக்கலாம் என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்று அண்ணா மூன்றைச் சொன்னார். கட்டுப்பாட்டை எல்லாக் கட்சிகளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நடுவில் இருந்த சொல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ராஜாஜியும் பெரியாரும் அரசியலில் பல வருஷம் எதிரெதிர் நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி போனபோது, தொண்ணூறு தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். அதனால் அவர் கொள்கை ஒரு இம்மி தேயவில்லை.

எங்கள் வார்டில் இருக்கிற முகவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஏரியா சபா, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்கிற கூட்டம், 2022 நவம்பர் 1லிருந்து நடக்கிறது. ஆள் வருவதுதான் குறைவு. அடுத்த கூட்டத்தில் கொடுக்க, தெருவில் பாதியில் நிற்கிற மழைநீர் வடிகால் பற்றி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கீழே உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன், கட்சி பெயர் எழுத இடம் விடவில்லை. அகலம் கொஞ்சம் குறைவுதான். ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்தின் மேல் ஏறினால் பரவாயில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள். பஜ்ஜி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
அயனாவரம், சென்னை